தேரையின் நஞ்சும் அதன் ஸ்டீராய்டு வேதியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையின் காலிமனைகளிலும் கோயில் குளக்கரைகளிலும் தேரைகள் வெளிவருகின்றன. அவற்றோடு கேள்விகளும் வருகின்றன. ஆய்வுத் தலைப்புத் தேடும் வேதியியல் மாணவர்கள் ஒருபுறம் கேட்கிறார்கள், வீட்டு நாய் தேரையைக் கவ்விவிட்டதே என்று பதறுபவர்கள் மறுபுறம் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படும் வகையில் பதில்கள் இங்கே தரப்படுகின்றன. தேரையின் நஞ்சு இயற்கை படைத்த மிக நுட்பமான ஸ்டீராய்டுகளுள் ஒரு தொகுதி என்பதையும், விலங்குக்கு ஊறு செய்யாமலே அதைப் படிக்க முடியும் என்பதையும், சமையலறையிலோ மருந்துப்பெட்டியிலோ அதற்கு இடமே இல்லை என்பதையும் மனத்தில் கொண்டு வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் தேரையைப் பற்றிய பக்கம் இது?

நம் ஊரில் சொறித்தவளை என்றும் தேரை என்றும் அழைக்கப்படும் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்னும் ஆசியப் பொதுத் தேரையைப் பற்றியது. பழைய நூல்களில் இது புஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்றிருக்கும். உலர்ந்த, கரடுமுரடான தோலும், நுனி கறுத்த பருக்களும், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கறுத்த மேடுகளும் இதன் அடையாளங்கள். இரவில் தெருவிளக்கின் கீழே அசையாமல் உட்கார்ந்து, விழும் பூச்சிகளைத் தின்பது பெரும்பாலும் இதுதான். வழவழப்பான தோலோடு நீண்ட தாவல் தாவும் தவளைகளுக்கு இந்தப் பக்கத்தில் சொல்லப்படுபவை பொருந்தா.

நஞ்சு உடலில் எங்கே இருக்கிறது? தொட்டாலே ஆபத்தா?

இரு கண்களுக்கும் பின்னால், தோளை நோக்கி நீள்வட்டமாகப் புடைத்திருக்கும் பரோட்டாய்டு சுரப்பிகளில்தான் நஞ்சு மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அந்தப் புடைப்பின் மேல் குத்தூசி முனை அளவில் பல துளைகள் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு நஞ்சுப்பை உண்டு. முதுகுப் பருக்களிலும் சிறிதளவு இருக்கிறது. தேரைக்கு நச்சுப்பல்லோ கொடுக்கோ கிடையாது. ஆகவே அது தானாக யாருக்கும் நஞ்சேற்ற முடியாது. கவ்விய விலங்கின் வாயில் அழுத்தம் பட்டால்தான் நஞ்சு வெளிப்படும்.

காயமில்லாத கையால் தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. தேரையைத் தொட்டால் கையில் மரு வரும் என்பது தவறான நம்பிக்கை. மருவை உண்டாக்குவது மனிதரிடையே பரவும் ஒரு வைரஸ். மெலிந்து நோஞ்சானாகும் குழந்தையைப் பார்த்துத் தேரை விழுந்துவிட்டது என்று சொல்லும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது ஊட்டமும் மருத்துவரும்தான், தேரைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நஞ்சு என்பது ஒரே பொருளா?

இல்லை, அது ஒரு கலவை. வெளிவரும்போது பால் போன்று வெண்மையாக, கெட்டியாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். காற்றில் உலர்ந்தால் மஞ்சளாகிப் பின் பழுப்பேறிக் கோந்து போல நொறுங்கும். அதில் மூன்று வகைப் பொருள்கள் முக்கியமானவை. முதலாவது, அட்ரினலின் முதலிய கேட்டகாலமீன்கள். இரண்டாவது, செரோட்டோனினுக்கு உறவான புஃபோடெனின் போன்ற இண்டோல் அமீன்கள். மூன்றாவது, நம் பேச்சுக்கு உரிய ஸ்டீராய்டுகளான புஃபாடையனோலைடுகள். இவற்றோடு கொலஸ்டிராலும் புரதங்களும் கலந்திருக்கும். இதயத்தை நிறுத்தவல்லது மூன்றாம் வகையே.

ஸ்டீராய்டு என்றால் உடற்பயிற்சிக்கூடத்தில் சிலர் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதுவா?

சட்டகம் ஒன்று, செயல் முற்றிலும் வேறு. ஸ்டீராய்டு என்பது ஒரு மருந்தின் பெயரன்று. 17 கார்பன் அணுக்கள் நான்கு வளையங்களாகப் பின்னிய ஒரு கட்டமைப்பின் பெயர். ஏ, பி, சி என்னும் மூன்று வளையங்கள் ஆறு கார்பன் கொண்டவை, டி வளையம் ஐந்து கார்பன் கொண்டது. கொலஸ்டிரால், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசோல், பித்த அமிலங்கள் எல்லாம் இந்தச் சட்டகத்தின் மேல் எழுந்தவையே. எந்த இடத்தில் என்ன தொகுதி ஒட்டியிருக்கிறது, வளையங்கள் எந்தக் கோணத்தில் இணைந்துள்ளன என்பவைதான் ஒன்றை இயக்குநீராகவும் மற்றொன்றை நஞ்சாகவும் ஆக்குகின்றன.

புஃபாடையனோலைடின் அமைப்பில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

எளிமையான உறுப்பினரான புஃபாலினை எடுத்துக்கொள்வோம். அதில் 24 கார்பன், 34 ஹைட்ரஜன், 4 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை ஏறத்தாழ 386.5. பதினேழாம் கார்பனில், இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஆறு அணு லாக்டோன் வளையம் (ஆக்ஸிஜனும் சேர்ந்து வளையமான எஸ்டர்) ஒன்று தொங்குகிறது. பைரோன் எனப்படும் இந்த வளையம்தான் குடும்பத்தின் முத்திரை. பதினான்காம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் மூன்றாம் கார்பனில் மற்றொன்றும் இருக்கின்றன. ரெசிபுஃபோஜெனின், சினோபுஃபாஜின் போன்றவற்றில் பதினான்காம் கார்பன் ஹைட்ராக்சிலுக்குப் பதிலாக 14, 15 ஆம் கார்பன்களைப் பாலமிடும் எப்பாக்சைடு என்னும் மூன்று அணு வளையம் வருகிறது.

இன்னும் முக்கியமானது வடிவம். டெஸ்டோஸ்டிரோனின் வளையங்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் நீட்டிப் படுத்திருக்கும். புஃபாலினில் ஏ-பி இணைப்பும் சி-டி இணைப்பும் சிஸ் வகையாக, அதாவது வளையங்கள் மடிந்து சேரும்படி, அமைந்திருப்பதால் மூலக்கூறு இரு முனைகளிலும் வளைந்து அரிவாள் போல ஆகிறது. அந்த வளைவே அது தன் இலக்குப் புரதத்துக்குள் சரியாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம்.

தேரையின் உடலில் இவை பல நேரங்களில் தனித்து இருப்பதில்லை. மூன்றாம் கார்பனின் ஹைட்ராக்சிலில், எட்டுக் கார்பன் கொண்ட சூபெரிக் அமிலமும் அதன் மறுமுனையில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலமும் கோத்துக்கொண்டு புஃபோடாக்சின்கள் உருவாகின்றன. தாவரங்கள் இதே இடத்தில் சர்க்கரையை இணைக்கின்றன. ஒரே பணிக்கு விலங்கு அமினோ அமிலத்தையும் தாவரம் சர்க்கரையையும் தேர்ந்தெடுத்திருப்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தாவரங்களிலுமா இந்த நஞ்சு இருக்கிறது?

ஆம், அதுவும் நம் வீட்டு வாசலில். அரளி, மஞ்சள் அரளி, எருக்கு ஆகியவற்றில் இருப்பவை கார்டினோலைடுகள். அவற்றின் லாக்டோன் வளையத்தில் ஐந்து அணுக்கள். மொத்தக் கார்பன் எண்ணிக்கை புஃபாடையனோலைடைவிட ஒன்று குறைந்து 23 ஆகிறது. இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சினும் இந்தக் கார்டினோலைடு வகைதான். புஃபாடையனோலைடே கொண்ட தாவரங்களும் உண்டு: நரிவெங்காயத்தில் சில்லாரன் இருக்கிறது, ரணகள்ளியிலும் வேறு சில புஃபாடையனோலைடுகள் இருக்கின்றன. சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி இலையைத் தினமும் மென்று தின்னும் வழக்கம் உடையவர்கள், குறிப்பாக இதய மருந்து உட்கொள்பவர்கள், இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதயத்தை இது எப்படித் தாக்குகிறது?

உயிரணுச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்னும் புரதம் இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. புஃபாடையனோலைடுகளும் கார்டினோலைடுகளும் அடங்கிய இதய ஸ்டீராய்டுகள் இந்தப் பம்பைத் தடுப்பதை 1953இல் ஹான்ஸ் ஷாட்ஸ்மன் காட்டினார். இந்தப் பம்பாகச் செயல்படும் நொதியை 1957இல் கண்டறிந்த டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புஃபாலின் வெளிப்புறத்திலிருந்து இந்தப் பம்புக்குள் நுழைந்து அடைத்துக்கொள்கிறது. உள்ளே சோடியம் பெருகுவதால், சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் மற்றொரு மாற்றுப் புரதம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. கால்சியம் தேங்க, இதயத் தசை வலுவாகச் சுருங்குகிறது. சிறு அளவில் இதே விளைவுதான் டிகாக்சினை மருந்தாக்கியது. அளவு கூடினால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, மரணம் வரை போகலாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி மிகக் குறுகியது.

அப்படியானால் தேரை ஏன் தன் நஞ்சால் சாவதில்லை?

அதன் பம்பின் வெளிப்புற வளைவில், நஞ்சு வந்து பொருந்தும் இடத்தில், சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. பூட்டின் துளை மாறியதால் சாவி நுழைவதில்லை. தேரையைத் தின்னும் பாம்புகள் சிலவற்றிலும் இதே பகுதியில் மாற்றம் காணப்படுகிறது. ஜப்பானில் வாழும் ராப்டோஃபிஸ் டைக்ரினஸ் என்னும் பாம்பு ஒருபடி மேலே போய், தின்ற தேரைகளின் புஃபாடையனோலைடுகளைத் தன் பிடரிச் சுரப்பிகளில் சேமித்துத் தனக்கே காப்பாக்கிக்கொள்கிறது; இது 2007இல் வெளியான ஆய்வில் உறுதிப்பட்டது.

ஆய்வு மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எலிகளின் முக்கியப் பம்பும் இதே இடத்தில் மாறியிருப்பதால், அவை இந்த ஸ்டீராய்டுகளை மனிதரைவிடப் பல மடங்கு தாங்கும். எலியில் பாதுகாப்பாகத் தெரிந்தது என்ற முடிவை வைத்துக்கொண்டு மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

இந்த வேதியியலைக் கண்டறிந்தவர்கள் யார்?

சீனாவில் தேரை நஞ்சை வட்டமாக உலர்த்திச் சான்சு என்ற பெயரில் மருந்தாகப் பயன்படுத்தும் மரபு மிகப் பழையது. நவீன வேதியியலின் கதையில் ஃபௌஸ்ட் 1902இல் புஃபோடாலினைப் பிரித்தது ஒரு தொடக்கம். 1911இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஜேக்கப் ஏபெலும் டேவிட் மாக்டும் வெப்பமண்டல அமெரிக்கப் பெருந்தேரையின் சுரப்பிலிருந்து இரண்டு படிகப் பொருள்களைப் பிரித்தார்கள். ஒன்று ஸ்டீராய்டான புஃபாஜின், மற்றொன்று எவரும் எதிர்பாராத அட்ரினலின். சுரப்பியை அறுத்த கத்தியின் அலகில் நீலப்பச்சை நிறம் படர்ந்ததை ஏபெல் கவனித்தார். அட்ரினல் சுரப்பியோடு பல ஆண்டுகள் உழைத்திருந்த அவர் கண்ணுக்கு அந்த நிறம் பழகியது. இரும்போடு அட்ரினலின் போன்ற கேட்டகால்கள் வினைபுரிந்து நிறம் தருவதே இதன் காரணம். தேரை நஞ்சு இரும்பில் படக்கூடாது, பட்டால் கறுத்துவிடும் என்று சீன மருந்து செய்வோர் வழிவழியாகச் சொல்லிவருவதும் இதே வினையைத்தான். ஆய்வகத்தில் கண்ணாடியும் பீங்கானும் பயன்படுத்துவது இன்றைக்கும் சரியான பழக்கம்.

ஜெர்மனியில் ஹைன்ரிச் வீலாண்ட் பித்த அமிலங்களோடு தேரை நஞ்சையும் ஆராய்ந்தார். 1922இல் புஃபோடாக்சினைப் பற்றி எழுதினார். பித்த அமில ஆய்வுக்காக அவருக்கு 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் காலத்தில் வரைந்த ஸ்டீராய்டுச் சட்டகமே தவறாக இருந்தது. 1932இல் பிரிட்டன் படிகவியலாளர் பெர்னலின் எக்ஸ்-கதிர் அளவீடு, மூலக்கூறு நீண்டு மெலிந்தது என்று காட்டிய பிறகே இன்றைய நான்கு வளைய அமைப்பு நிலைபெற்றது. புஃபோடாக்சினில் ஆர்ஜினின் சங்கிலி தொங்குவது மூன்றாம் கார்பனில் என்பதும் பின்னாளில் தெளிந்ததே.

நஞ்சை விலங்குக்குத் தீங்கில்லாமல் எப்படிச் சேகரிக்கிறார்கள்?

அனுமதி பெற்ற ஆய்வகங்களில், பயிற்சி பெற்றவர்கள், தேரையை ஈரக்கையுறையோடு பிடித்து, சுரப்பியை மென்மையாக அழுத்தி, வெளிவரும் பாலைக் கண்ணாடியில் வாங்குகிறார்கள். சில நேரம் அது பீய்ச்சியடிக்கும். அதனால் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக்கூடாது. பிறகு விலங்கைக் கழுவி, ஓய்வு தந்து, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். சுரப்பி மீண்டும் நிரம்புவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதே தேரையை அடுத்தடுத்துப் பிழிவது கொடுமை மட்டுமன்று, பயனற்ற வேலையும் ஆகும். இனப்பெருக்கக் காலத்தில், முட்டையிட வந்த பெண் தேரைகளைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடியும் காட்டில் விடுவதைப் பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள். உயிரைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் பெறுவது இயலும் என்பதற்குச் சென்னைக்காரர்கள் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

பழைய கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான தேரைகளின் தோலை உரித்துச் சாறு எடுத்ததாகப் படிப்பீர்கள். அக்காலத்துக் கருவிகளுக்குக் கிராம் கணக்கில் பொருள் தேவைப்பட்டது. இன்று மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைநிறமாலைமானிக்கு மில்லிகிராமில் சிறு பகுதி போதும். ஆகவே கொல்வதற்கு இன்று வேதியியல் காரணம் எதுவும் எஞ்சவில்லை.

சேகரித்த பிறகு ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

உலர்ந்த நஞ்சை மெத்தனால் போன்ற கரைப்பானில் கரைத்து, புரதங்களை நீக்கி, நிறப்பகுப்பியல் முறைகளால் பிரிக்கிறார்கள். முதற்பார்வைக்குச் சிலிக்கா தகட்டில் டி.எல்.சி. (மென்படல நிறப்பகுப்பியல்) போதுமானது. அடுத்து ஹெச்.பி.எல்.சி. (உயர்செயல்திறன் நீர்ம நிறப்பகுப்பியல்) கருவியில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி முகடாக வெளிவரும். பைரோன் வளையம் 300 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. கார்டினோலைடின் ஐந்து அணு வளையமோ 220 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே கலவையில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கட்டமைப்பை உறுதிசெய்வது என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலை. புரோட்டான் நிறமாலையில் பைரோன் வளையத்தின் மூன்று ஹைட்ரஜன்களும் ஏறத்தாழ 6.2, 7.3, 7.8 பி.பி.எம். என்ற இடங்களில் மூன்று குறிகளாக எழும். மற்ற ஸ்டீராய்டு ஹைட்ரஜன்கள் எல்லாம் இடப்புறம் வராமல் வலப்புறம் நெரிசலாகக் கிடக்க, இந்த மூன்று மட்டும் தனித்து நிற்பதைப் பார்த்த மாணவர் எவரும் மறக்கமாட்டார்.

சென்னையில் இந்த ஆய்வைச் செய்ய என்ன அனுமதி வேண்டும்?

வெளியிடத்தில் விலங்கைப் பிடிப்பதற்கு முன் வனத்துறையை அணுகி, 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி என்ன தேவை என்று கேட்டு, எழுத்துமூலம் பதில் பெற வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக்கூடாது. விலங்கைக் கையாளும் திட்டம் கல்லூரியின் விலங்கு அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வு செய்வதானால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும் குறுக்கே வரும். அதை நிர்வகிக்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் தலைமையகம் தரமணியிலேயே இருக்கிறது.

இது புற்றுநோயைக் குணப்படுத்துமாமே?

கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கும் புற்றணுக்களைப் புஃபாலின் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் கிண்ணத்துக்கும் நோயாளிக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. தேரைத் தோலிலிருந்து சீனாவில் தயாரிக்கப்படும் ஹுவாச்சான்சு ஊசிமருந்தைக் கணையப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. ஆய்வு தொடர வேண்டும். அதைக் காட்டித் தேரைப்பொடி விற்பவரிடம் யாரும் ஏமாறக் கூடாது.

ஆண்மை மருந்து என்றும் போதை என்றும் சொல்கிறார்களே?

இரண்டையும் அண்டவே கூடாது. நியூயார்க் நகரில் 1993க்கும் 1995க்கும் இடையே, மேலுக்குத் தடவும் ஆண்மை மருந்து என்று விற்கப்பட்ட கட்டியை விழுங்கிய ஐந்து ஆண்களில் நால்வர் இறந்தனர். அந்தக் கட்டியில் இருந்தவை தேரை நஞ்சின் ஸ்டீராய்டுகள். போதைப் பேச்சு அமெரிக்கப் பாலைவனத் தேரை ஒன்றைப் பற்றியது. நம் தேரை அது அன்று. நம் தேரையின் நஞ்சில் போதையைத் தேடுபவர் இதயத்தைப் பணயம் வைக்கிறார்.

நஞ்சுண்டவருக்கு டிகாக்சின் இரத்தப் பரிசோதனை செய்தால் அது நேர்முடிவு காட்டலாம்; டிகாக்சினைப் பற்றிக்கொள்ள அந்தப் பரிசோதனையில் பயன்படும் எதிர்ப்பொருள் புஃபாடையனோலைடோடும் ஓரளவு ஒட்டிக்கொள்வதே காரணம். ஆனால் அந்த எண்ணை வைத்து நஞ்சின் அளவை மதிப்பிட முடியாது. டிகாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் மருந்து தேரை நஞ்சுக்கும் பயன்பட்டிருக்கிறது. தாமதிக்காமல் 108ஐ அழைப்பதே முதல் வேலை.

நாய் தேரையைக் கவ்விவிட்டது, அல்லது நஞ்சு கண்ணில் பட்டுவிட்டது. உடனே என்ன செய்வது?

நாயின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டு, உள்ளே ஓடாமல் வெளியே வழியும்படி சில நிமிடங்கள் கழுவுங்கள். ஈரத்துணியால் ஈறுகளைத் துடையுங்கள். நுரை தள்ளுவது வழக்கமாக வரும் அறிகுறி. தள்ளாட்டம், வலிப்பு, ஈறு செக்கச்சிவப்பாதல் ஆகியவை இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ உடனே கொண்டு செல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க நீங்களாக எதையும் புகட்ட வேண்டாம். மனிதர் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்; கண்ணைக் கசக்காதீர்கள்.

நான் முதுநிலை வேதியியல் மாணவி. எங்கிருந்து தொடங்கலாம்?

தேரையிலிருந்து வேண்டாம். இளநிலை, முதுநிலை விலங்கியல் வகுப்புகளிலேயே விலங்குகளை அறுப்பதை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவுறுத்திவிட்ட நிலையில், வேதியியல் பயிற்சிக்காக ஓர் உயிரைத் துன்புறுத்துவதற்கு நியாயம் இல்லை. தூய புஃபாலினையும் சினோபுஃபாஜினையும் வேதிப்பொருள் நிறுவனங்கள் மில்லிகிராம் கணக்கில் விற்கின்றன. துறையின் புகைப்போக்கி அறையில், வழிகாட்டியின் மேற்பார்வையில், அவற்றை ஹெச்.பி.எல்.சி.யில் ஓட்டி 300 நானோமீட்டர் முகட்டைப் பாருங்கள். அடுத்து நரிவெங்காயக் கிழங்கின் சாற்றை ஓட்டி, அதே இடத்தில் உறிஞ்சும் முகடுகள் எவை என்று ஒப்பிடுங்கள். எருக்குச் சாற்றையும் சேர்த்தால் இரு லாக்டோன் குடும்பங்களையும் ஒரே வாரத்தில் அருகருகே வைத்துப் படிக்கலாம். இந்த மூன்றும் கைவந்த பிறகு, தேரை நஞ்சில்தான் விடை கிடைக்கும் என்னும்படியான கேள்வி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை எழுதி எடுத்துக்கொண்டு அறநெறிக் குழுவிடம் செல்லுங்கள்.